பதினாலு வாசல்

சாயங்காலம் நாலு பத்துக்குப் பிள்ளைகளில் ஒரு தலை குறைந்தால் நாலு பதினொன்றுக்கு அவர் காதில் போன் இருக்கும். "அம்மா, நான்தான் பேசறேன். பொண்ணு கிளம்பிட்டாளா? கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு? நடந்து வர்றாளா, பஸ்ஸா? எந்தப் பக்கமா வருவா?" அந்தப் பக்கம் இருப்பவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, இங்கதான் இருக்கேன்" என்பாள். அவர் திரும்பி, போனை மூடாமலே, "வந்துட்டியா! ஏன்டி இப்படி உயிரை வாங்கறே?" என்று அதட்டுவார். போனில் இருக்கும் தாய்க்கு அந்த அதட்டல் தனக்கா மகளுக்கா என்பது விளங்காது. அவரைப் பற்றி எழுத நான் அந்த மாடிக்குப் போய்வந்த ஒரு வாரத்தில் இது ஐந்து முறை நடந்தது.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் டென்ஷன் அக்கா. நேரில் அக்கா, மறைவில் டென்ஷன். அது அவருக்கும் தெரியும். "இருந்துட்டுப் போகட்டும் சார். டென்ஷன் இல்லாம யார் இந்த வயசுப் பிள்ளைங்கள மேய்க்கிறாங்க?" என்றார். அவருடைய கணவர் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். மனைவியைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்டேன். "பழைய கம்ப்ரெஸர் கூட நடுநடுவுல ஓயும் சார்" என்று சொல்லிவிட்டு, அதை எழுதிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

காலையில் அந்த அம்மாவுக்குக் கண் மருத்துவமனையில் வேலை. டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து, "அறுபத்து மூணு! அறுபத்து மூணு எங்கே போனாரு?" என்று பதினெட்டு வருஷமாகக் கூப்பிடுகிறார். மூன்றரைக்கு அங்கிருந்து கிளம்பி நேராக இந்த மாடிக்கு வந்துவிடுவார். கீழே மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, ஒரு தையல்கடை. மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் ஒரு நீள மேஜை, வீட்டுப்பாடத்துக்கு. இரண்டாவது அறையில் ஓவியமும் நாடகமும். ஓவியம் காயவில்லை என்றால் நாடகம் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நடக்கும். ஒரு கீபோர்டு இருக்கிறது, அதில் இரண்டு கட்டைகள் ஊமை. அந்த இரண்டையும் தொடாமலே மெட்டுப் போடப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய்ப் பக்கத்து முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் படித்துக் காட்டுவார்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்தின் சுவரைத் தேய்த்துக் கழுவிப் படம் வரைவார்கள்.

சமூக சேவை செய்கிறவர்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. வாயைத் திறந்தால் தங்களைப் பற்றிய பாராட்டுரையைத் தாங்களே வாசிப்பார்கள். அந்த நினைப்போடுதான் மாடி ஏறினேன். இந்த அம்மா முதல் நாளே என் காலை வாரிவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல சார். எனக்குப் படம் வராது, பாட்டு வராது, கணக்கு சுத்தமா வராது. அதுக்கெல்லாம் வேற ஆளுங்க வர்றாங்க. நான் கதவைத் திறக்கறேன், சாத்தறேன். நடுவுல பயந்துகிட்டே இருக்கேன்." இப்படிச் சொல்லும்போதே ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கம்பி அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சீட்டு. நாடகக் குழுவில் பதினாலு பேர், எல்லோருக்கும் பதினாறு வயதை ஒட்டி. ஆளுக்கு ஒரு சீட்டில் தனக்கு நடந்த ஒன்றை, அல்லது மனதில் கிடக்கிற ஒன்றை எழுத வேண்டும். பெயர் கூடாது. எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்பதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பு ஸ்கெட்ச் பேனா, கடைப் பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பெரிதாக. மடித்து பெயின்ட் வாளியில் போட்டுக் குலுக்குவார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து நடிப்பார். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எட்டு வருஷமாக இப்படித்தான் நாடகம் தயாராகிறது. குலுக்கலுக்கு முன்னால் அக்கா மட்டும் எல்லாவற்றையும் ஒரு தடவை படிப்பார், பெயரோ முகவரியோ தப்பித்தவறி வந்துவிட்டதா என்று பார்க்க.

நான் போன திங்கட்கிழமை குலுக்கல். ஒவ்வொருவராக வாளியில் கைவிட்டு எடுத்தார்கள். கடைசியில் நின்றவன் ஒட்டடைக்குச்சி. உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து வந்த பெயர். அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, எனக்கு இல்ல" என்றான்.

"நல்லாப் பாருடா."

"வாளிதானேக்கா, கிணறா? பதிமூணுதான் இருந்திருக்கு."

"ஒண்ணு... ஒண்ணு கிழிஞ்சு போச்சு" என்றார் அக்கா. பொய் சொல்லத் தெரியாதவர்கள் சொல்லக் கூடாது. காது மடல் வரை சிவந்துவிட்டது. மைக் என்று பட்டப்பெயர் உள்ள பெண் (அவளுக்கு உண்மையான மைக் தேவையே இல்லை) "தானாக் கிழிஞ்சுதா, நீங்க கிழிச்சீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சேராதவர் யார் என்று நான் அப்போது பார்த்திருக்க வேண்டும். நானோ சீட்டு முறை பிரமாதம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் போனபோது அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என்னை முதல் அறையின் மூலைக்கு அழைத்துப் போனார். "நீங்க வெளியாள் சார். உங்ககிட்ட காட்டினா விதி மீறினதா ஆகாது. என்னால தனியா வச்சுக்க முடியல." கைப்பையின் உள் ஜிப்பிலிருந்து அந்தப் பதினாலாவது சீட்டை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு மை, தனித்தனி எழுத்து.

'ரிசல்ட் அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகப் போறதில்லை. எங்கே போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.'

ரிசல்ட் வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு. பதினாலு பேருக்கும் அதே பரீட்சை, அதே நாள். "எங்கே போறதுன்னு எழுதியிருக்கே சார், அது என்ன இடமோ..." என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். மத்தியானம் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைத் தப்பாகக் கூப்பிட்டு இரண்டு பெரியவர்களைச் சண்டை போட வைத்துவிட்டாராம்.

ஓவிய மாஸ்டர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "சீட்டைக் குடுங்க. கோடு இழுக்கிற விதத்தை வச்சே நான் ஆளைச் சொல்லிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"வேணாம் மாஸ்டர். யார்னு தேட மாட்டேன்னு சொல்லித்தானே எழுத வச்சேன். இப்ப தேடினா அடுத்த வருஷம் ஒருத்தரும் உண்மைய எழுத மாட்டாங்க."

"அடுத்த வருஷத்துக்கு ஆள் உயிரோட இருக்கணுமே."

மாஸ்டர் சொன்னது கொடுமையான வார்த்தைதான், ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கி, உண்மையைச் சொன்னார். முந்தின நாளே அவர் தேடிப் பார்த்துவிட்டார். வீட்டுப்பாட நோட்டுகள் பதினாலையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சீட்டோடு ஒப்பிட்டிருக்கிறார். ஒன்றும் பிடிபடவில்லை. "நானே பூட்டுப் போட்டுட்டு நானே சாவியத் தேடறேன்" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மாஸ்டரிடம் சீட்டைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கை பாதி தூரம் நீண்டது. பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் உயிரைவிட விதி பெரிதா என்று கேட்டும் விட்டேன். பதினாலு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டால் என்ன? "போட்டா என்ன ஆகும்? பதினாலு வீட்லயும் பிள்ளையக் கூப்பிட்டு, நீதானா அது, அங்க போய் எங்க மானத்த வாங்கினியான்னு கேப்பாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் கூடக் காத்திருக்காது சார், அந்தப் பிள்ளை" என்றார்.

புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அக்கா தனக்குத் தெரிந்த ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். பேசினால் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள், நேராகப் பேசுங்கள், அன்றைக்குத் தனியாக விடாதீர்கள், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அக்கா பதினாலு பேரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்தார்.

"சீட்டு கிழியல. நான்தான் எடுத்தேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். "ரிசல்ட் அன்னைக்கு வீட்டுக்குப் போகப் போறதில்லன்னு உங்கள்ல ஒருத்தர் எழுதியிருக்கீங்க. யார்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை பதினாலு பேரும் இங்க வந்து ரிசல்ட் பாக்கறீங்க. பாத்து முடிச்சதும் நான் உங்க எல்லாரையும் வீட்ல கொண்டு விடறேன். வாசல் வரைக்கும். ஒவ்வொருத்தரையும்."

"அக்கா, நாங்க என்ன எல்கேஜியா?" என்றாள் மைக்.

"எல்கேஜிதான். பேசாம வா."

ஒட்டடைக்குச்சி தலையைக் குனிந்து தரையில் காய்ந்த பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் இரண்டு பாடத்தில் தவறியவன் அவன். நானும் அக்காவும் ஒரே சமயத்தில் அவனைப் பார்த்தோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். குடை என்று பட்டப்பெயர் உள்ள பெண் மட்டும் கையைத் தூக்கி, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள். மழையோ வெயிலோ குடை இல்லாமல் வராத பெண், அதனால் அந்தப் பெயர். அவளைப் பற்றி என் குறிப்பேட்டில் இருந்தது இவ்வளவுதான்.

வியாழக்கிழமை அக்கா ஒவ்வொருவராகச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். பதினாலு பேருக்கும் அதே பேச்சு. கதவு இடுக்கில் எனக்கும் கேட்டது. "நீ எழுதலன்னா இதை இங்கயே விட்டுட்டுப் போயிடு. எழுதியிருந்தா கேட்டுக்கோ. பெயிலானாலும் திங்கட்கிழமை நீ இங்க வருவே. இதே தரையில உக்காருவே. நான் இதே மாதிரி கத்துவேன். ஒண்ணும் மாறாது. வேற ஏதாவது மனசுல இருந்தா, வீட்டுக்குப் போகாம இருக்கிறது மட்டும் இல்ல, அதுக்கும் மேல ஏதாவது இருந்தா, இப்பவே சொல்லு. டாக்டரம்மா இருக்காங்க, நான் கூட வர்றேன்." பதினாலாவது ஆள் வெளியே வந்ததும் அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "மூணு பேர் அழுதாங்க சார். ஒருத்தர் எழுதினதுக்கு மூணு பேர் எதுக்கு அழணும்?"

வெள்ளிக்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார். மூன்று மணிக்குப் பதிமூன்று பேர் இருந்தார்கள். ஒட்டடைக்குச்சியைக் காணோம். அக்கா அவனுக்குப் போன் அடித்தார், அணைந்திருந்தது. அவன் அம்மாவுக்கு அடித்தார், "ரெண்டு மணிக்கே கிளம்பிட்டானே" என்றார் அந்தத் தாய். அக்கா செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். இந்தக் கோடி வரை போனோம், அந்தக் கோடி வரை போனோம். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து என்ன என்று விசாரித்தார். எதிர்த் திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒட்டடைக்குச்சி வந்தான். பஞ்சர். "போன்ல சார்ஜ் இல்லக்கா. ஏன் எல்லாரும் தெருவுல நிக்கிறீங்க?" அக்கா அவன் முதுகில் ஒரு போடு போட்டார். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் வெலவெலத்துப் போனான்.

ரிசல்ட் பார்த்தார்கள். ஒட்டடைக்குச்சி எல்லாவற்றிலும் பாஸ். அவனால் நம்பவே முடியவில்லை, நாலு தடவை எண்ணைத் தட்டிப் பார்த்தான். மைக்குக்கு ஒரு பாடம் போயிற்று. முதல்முறையாக அவள் குரல் எழும்பவில்லை. குடை ஜன்னல் பக்கம் நின்று தன் போனிலேயே பார்த்துக்கொண்டு, "பாஸ்க்கா" என்றாள். அக்கா விரல்விட்டு எண்ணினார். பதிமூன்று பாஸ், ஒன்று பெயில். அப்படியானால் மைக்தான். அக்காவின் கண் மைக்கை விட்டு அகலவில்லை.

நாலரைக்கு ஊர்வலம் கிளம்பியது. பதினாலு பிள்ளைகள், ஒரு அக்கா, குறிப்பேட்டோடு நான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கதவைத் தட்டுவார். திறந்தவரிடம் ஒரே வசனம்: "பத்திரமா கொண்டு வந்து விட்டுட்டேன். மார்க்கப் பத்தி நாளைக்குப் பேசிக்குங்க. இன்னைக்கு சாப்பிட்டுத் தூங்கட்டும்." ஒரு தாய் பயந்துபோய், "என்ன பண்ணித் தொலைச்சான்?" என்று கேட்டார். ஒரு அப்பா எங்களுக்கு டீ போடட்டுமா என்றார். மைக் வீட்டில் அவள் அம்மா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுதானே போச்சு? மறுபடி எழுது. மூஞ்சியக் கழுவு போ" என்றார். கதவு சாத்திக்கொண்டது. அக்கா படியில் நின்று பெருமூச்சு விட்டார். "அப்பாடா. முடிஞ்சுது சார்." நானும் குறிப்பேட்டை மூடினேன்.

குடையின் வீடு வழியில் நாலாவதாக வந்திருக்க வேண்டியது. "என்னைக் கடைசியா விடுங்கக்கா. கொஞ்சம் நடக்கணும்போல இருக்கு" என்று சொல்லி எங்களோடு வந்துகொண்டே இருந்தாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிமூன்று வீடு முடிந்து அவள் தெருவுக்குத் திரும்பினோம். மூன்று மாடிக் கட்டடம், இரண்டாவது மாடியில் வீடு. அப்பா எலக்ட்ரீஷியன், அம்மா வேலையிலிருந்து வர எட்டு மணியாகுமாம். படிக்கட்டின் அடியில் அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, நான் பொய் சொன்னேன்."

அக்காவும் நின்றார்.

"ரெண்டு பாடம் போயிடுச்சு. பெயிலானா இந்தப் படி ஏறாதேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

நீதான் எழுதினாயா என்று அக்கா கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது இரண்டு தடவை நழுவியது.

"உன்னைத்தானே ஏறாதேன்னு சொன்னாரு? என்னைச் சொல்லலையே. என் பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கதவைத் திறந்தவர் பனியனோடு இருந்தார், கையில் டெஸ்டர். எங்கள் மூவரையும் பார்த்தார். "ரிசல்ட் வந்துடுச்சாமே. என்ன ஆச்சு?" என்று மகளைத்தான் கேட்டார். அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் பதிமூன்று வாசல் வசனம் இந்த வாசலில் வரவில்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு அக்கா அந்த மனிதரைத் தாண்டி வீட்டுக்குள் போனார். யாரும் அழைக்காமலே அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரொம்ப தூரம் நடந்துட்டேன் அண்ணே. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். வீட்டுக்காரர் திகைத்து நின்றார். வந்து உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டால் என்ன செய்வது? டெஸ்டரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். தம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கி ஒரே ஒரு வாய் குடித்தார், மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவரை நிமிர்ந்து பார்த்தபடியே, காலை நீட்டி, பக்கத்திலிருந்த இன்னொரு நாற்காலியை வாசலில் நின்ற பெண்ணின் பக்கமாகத் தள்ளினார்.